உள்ளானின் வாலும் வேணியின் புருவமும்

ஒரு பறவை வாலை விரிக்கிற ஒரேயொரு நொடிக்காக, ஒரு மனுஷன் எத்தனை நாள் சேற்றில் குப்புறப் படுத்துக் கிடப்பான், சொல்லுங்கள் பார்ப்போம்?

உலகநாதன் பதினாறு நாள் கிடந்தார். பதினேழாம் நாள், வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, அந்த வால் விரிந்தது.

அவருக்கு அறுபது வயசு. கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நாற்பது வருஷமாக அந்த ஊர்க் கல்யாணப் பெண்களும், காதுகுத்துப் பிள்ளைகளும், சுவரில் மாலையோடு தொங்குகிற பெரியவர்களும் அவர் கை பட்டுத்தான் சட்டத்துக்குள் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷமாகப் பேச்சித்தாயின் சீடர்.

பேச்சித்தாய்க்கு முப்பத்திரண்டு வயசு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்போடு சரி. குளத்துக்குக் கீழே வீடு. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகு என்கிற முறம், அதில் பீடி இலையும் தூளும், எதிரே செம்பில் சாய்த்து வைத்த போன்.

அந்த மாவட்டத்தில் பறவை பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். 'இது என்ன பறவை?' என்று படம் வந்து விழும். டாக்டர் ஒரு பெயர் சொல்வார். வக்கீல் இன்னொரு பெயர் சொல்வார். சண்டை முற்றும். பேச்சித்தாய் கையிலிருக்கிற பீடியைச் சுற்றி, நூலைக் கட்டிப் போட்டுவிட்டு, ஒற்றை விரலால் போனைத் தட்டிப் பெயரைச் சொல்வாள். அத்தோடு சண்டை தீர்ந்துவிடும்.

மார்கழி பிறந்ததும் உலகநாதன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஆசானம்மா, நம்ம குளத்துல கிடக்க உள்ளான் எல்லாம் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது. அதுல ரெண்டு வகை உண்டுங்கீய. எப்படிப் பிரிக்கது?"

அவர் கேட்டதில் குற்றமில்லை. உள்ளான் என்பது சேற்றின் நிறத்திலேயே படைக்கப்பட்ட பறவை. காடை அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத நீள மூக்கு, காய்ந்த கோரை மாதிரி முதுகில் கோடு. இரண்டடி தூரத்தில் கிடந்தாலும் கண்ணுக்குப் படாது. மிதித்த பிறகுதான் பறக்கும். அந்தக் குளத்தின் பறவைப் பட்டியலில் பன்னிரண்டு வருஷமாக 'உள்ளான் - எந்த வகை எனத் தெரியவில்லை' என்றே எழுதியிருந்தது.

"வாலு சொல்லும்" என்றாள் பேச்சித்தாய். "அது உக்காந்திருக்கையில வாலு மூடிக் கிடக்கும். சோம்பல் முறிக்கும்போது ஒரு நொடி விரிக்கும். அந்த நொடில ஒரு படம் எடுத்துட்டு வாங்க."

"வாலுல என்ன பாக்கணும்?"

"என்ன இருக்கோ அதைப் பாருங்க."

"அடையாளத்தச் சொன்னா வசதியா இருக்கும்லா?"

"போன வருஷம் குருகுக்குக் கழுத்துல கோடு இருக்கும்னு சொன்னேன். என்ன ஆச்சு?"

உலகநாதன் தலையைச் சொறிந்தார். கழுத்தில் கோட்டைப் பார்த்த சந்தோஷத்தில், வயலுக்கு வயல் நிற்கிற மடையானைப் படம் எடுத்து, 'அபூர்வக் குருகு' என்று குழுவில் போட்டிருந்தார். அன்றிலிருந்து குழுவில் அவருக்கு 'மடையான் அண்ணாச்சி' என்றே பெயர்.

"பறவைப் புத்தகத்த பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிருங்க" என்றாள். "கண்ண மட்டும் கொண்டு போங்க."

"கேமராவ?"

"அதையும்தான்" என்று சிரித்தாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் பதினேழு நாள்.

அந்த வியாழக்கிழமை, கரைக்குக் கீழே சாக்கை விரித்து, மேலே ஒரு சாக்கைப் போர்த்தி, அவர் கிடந்தார். பத்தடி தள்ளிக் கோரைக்குள் ஒரு உள்ளான். அது எழுந்தது. ஒரு காலைப் பின்னால் நீட்டியது. இறக்கையை நீட்டியது. படக்கென்று வால் விரிந்தது.

கிளிக்.

உலகநாதனுக்கு மூச்சே வரவில்லை. வந்தபோது விசிலாக வந்தது. உள்ளான் பறந்துவிட்டது. போகட்டும்! சேற்றுச் சட்டையோடு வண்டியை முறுக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். வழியிலேயே நிறுத்தி, குழுவில் ஒரு வரி போட்டுவிட்டார்: 'உள்ளான் வால் சிக்கியாச்சு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயரோடு வருகிறேன்.'

வக்கீலிடமிருந்து உடனே பதில் வந்தது: 'மடையான் வாலா இருக்கப் போகுது அண்ணாச்சி, நல்லாப் பாருங்க.'

ஞாயிறு சாயந்திரம் ஐந்து மணியோடு அந்த வருஷப் பட்டியல் முடிகிறது. அதற்குள் படமும் பெயரும் போய்விட்டால், பன்னிரண்டு வருஷமாக 'தெரியவில்லை' என்று கிடக்கிற இடத்தில் ஒரு பெயர் ஏறும். பக்கத்தில், 'படம்: உலகநாதன்'.

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார். என்ன அழகு! மூக்கு நுனியில் மட்டும் சேறு. துடைத்தார். முதுகில் ஒரு பாசித் துணுக்கு. எடுத்தார். விரிந்த வாலுக்கு இரண்டு பக்கமும் துரும்பு துரும்பாக என்னமோ நீட்டிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணின் நெற்றியில் விழுந்த முடியை எத்தனை ஆயிரம் தடவை எடுத்த கை அது! நாலே நிமிஷம். வால், விசிறியை விரித்த மாதிரி வழவழவென்று வந்துவிட்டது.

பிறகு, எப்போதும் போல, முதலில் எடுத்த படத்தை அழித்தார். அது அவருடைய தொழில் ஒழுக்கம். பருவும் தழும்பும் இருக்கிற படம் எங்காவது கிடந்து, அதை அந்தப் பெண்ணே பார்த்துவிட்டால் மனசு நோகுமே என்று, நாற்பது வருஷமாக நல்ல படத்தை மட்டும்தான் அவர் வைத்துக்கொள்வார்.

பெரிய அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு, மத்தியானம் பேச்சித்தாய் வீட்டில் போய் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, குளத்தையே மேல பூசிட்டு வந்து நிக்கீய?"

"படத்தப் பாருங்க ஆசானம்மா! வாலு! விரிச்ச வாலு!"

பேச்சித்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாலின் ஓரத்தைப் பெருவிரலால் மெள்ளத் தடவினாள்.

"அழகா இருக்கு."

"என்ன வகை?"

"வேற படம் இருக்கா?"

"இல்ல. இது ஒண்ணுதான். இதுக்கு மேல என்ன வேணும்? ஒரு தூசி துரும்பு கிடையாது பாருங்க!"

"ஆமா" என்றாள். "ஒரு துரும்பு கூட இல்ல."

படத்தைச் சுளகுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, அங்கன்வாடில பிள்ளைகளுக்கு சின்ன சைஸ் படம் கேக்காங்க. கேமராதான் கையில இருக்கே. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

"இப்பவா? உள்ளான் பேரச் சொல்லாம?"

"பிள்ளைக படம் வரட்டும். சொல்லுதேன்."

பேச்சித்தாய்க்கு இரட்டைப் பெண் பிள்ளைகள். மாரி, வேணி. நாலு வயசு. ஒரே உயரம், ஒரே சுருட்டை முடி, ஒரே துணியில் தைத்த கவுன். ஒன்று அழுதால் இன்னொன்று சேர்ந்து அழும், காரணம் கேட்காது. வேணி போன வருஷம் அடிபம்பில் விழுந்து, இடது புருவத்தில் மூன்று தையல். புருவம் நடுவில் வெட்டுப்பட்டு நிற்கும். தெருவே அதைப் பார்த்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

வெள்ளையடித்த சுவரில் ஒவ்வொருத்தியாக நிறுத்தி உலகநாதன் எடுத்தார்.

"வேணி, தலைய ஆட்டாத. மாரி, நீ அப்புறம். ஏ வேணி, நாக்க உள்ள போடு!"

"நீங்க எப்படித் தாத்தா என்னைய வேணின்னு கண்டுபிடிச்சீய?" என்றாள் அவள்.

"உன் புருவம்தான் ஊருக்கே சொல்லுதே!"

பேச்சித்தாய் தலையைக் குனிந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே உலகநாதன் படங்களோடு வந்துவிட்டார். ஆளுக்கு எட்டுப் படம், ஆகப் பதினாறு. மூக்கில் ஒட்டியிருந்த மிட்டாய்த் துணுக்கு, கன்னத்து மைப்பொட்டு, எல்லாவற்றையும் எடுத்து, பிள்ளைகளைப் பூ மாதிரி கொண்டுவந்திருந்தார்.

"அடேயப்பா!" என்றாள் பேச்சித்தாய். "சினிமாவுல சேத்துக்கிடுவாங்க போலயே!"

"பேரு?" என்றார் உலகநாதன். "உள்ளான் பேரு?"

"சொல்லுதேன். ஒரு உதவி பண்ணுங்க."

சுளகில் இருந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, பதினாறு படத்தையும் அதில் கொட்டினாள். சீட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"மாரி படத்த இந்தப் பக்கம் வைங்க. வேணி படத்த அந்தப் பக்கம் வைங்க. நான் பின்னால பேரு எழுதணும்."

"இது ஒரு வேலையா?" என்று உலகநாதன் ஒரு படத்தை எடுத்தார்.

பார்த்தார்.

இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

பிள்ளைகள் இரண்டும் ஓடி வந்து சுளகின் மேல் கவிழ்ந்தன.

"இது நான்!" என்றாள் மாரி.

"போடி, அது நான்!" என்றாள் வேணி.

"நான்தான்! என் பல்லு பாரு!"

"என் பல்லும் அப்படித்தான்!"

"அம்மா, நீ சொல்லும்மா!"

பேச்சித்தாய் ஒரு படத்தை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினாள். "பெத்த எனக்கே தெரியலயே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியுதா? நேத்து பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டீயளே."

உலகநாதன் வேணியைப் பார்த்தார். அவளுடைய இடது புருவத்தைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். படத்தில் இரண்டு புருவமும் வில் மாதிரி, வழவழவென்று, வெட்டே இல்லாமல் வளைந்திருந்தன.

அவர் கை தானாகவே நீண்டு, சுளகுக்குப் பக்கத்தில் இருந்த உள்ளான் படத்தை எடுத்தது.

"ஆசானம்மா..."

"சொல்லுங்க."

"வாலுக்கு ரெண்டு பக்கமும் துரும்பு மாதிரி இருந்துச்சு. இங்கயும். இங்கயும்."

"எத்தன?"

"எண்ணல." குரல் இறங்கிவிட்டது. "துடைச்சுட்டேன்."

பேச்சித்தாய் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். அவர் எடுக்கவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமே தாயி. அடையாளம் அதுதான்னு ஒரு வார்த்த!"

"சொல்லியிருந்தா, நேத்து சாயந்திரமே அதைத் திரும்ப வரைஞ்சு கொண்டுட்டு வந்திருப்பீய."

உலகநாதன் வரைந்திருப்பார். நாலு நிமிஷ வேலை.

திடீரென்று எழுந்தார். "இன்னும் ரெண்டு காலை இருக்கு!"

"இருக்கு" என்றாள் பேச்சித்தாய்.

சனிக்கிழமை காலை உள்ளான் வரவே இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆமை வந்து வெயில் காய்ந்துவிட்டுப் போனது. குழுவில் வக்கீல் கேட்டிருந்தார்: 'மடையான் அண்ணாச்சி, வால் முளைச்சிருச்சா?'

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு அவர் கரையில் இறங்கும்போது, பேச்சித்தாய் அவருக்கு முன்னால் வந்து சாக்குக்குள் கிடந்தாள்.

"பிள்ளைக?"

"அவுக அப்பா பாத்துக்கிடுவாக. படுங்க, சத்தம் காட்டாதீய."

பனி விலகியது. கோரைக்குள் ஒரு சேற்றுக்கட்டி. அது சேற்றுக்கட்டி இல்லை.

"அதா..." என்றார் உலகநாதன், மூச்சோடு மூச்சாக.

உள்ளான் மூக்கை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. உலகநாதனின் கழுத்தில் எறும்பு ஏறியது. அவர் அசையவில்லை.

அப்போது பின்னால் தொம் தொம்மென்று சத்தம். ஒரு எருமை. நேராகக் கோரையைப் பார்த்து வந்தது.

"போச்சு!"

"பொறுங்க."

"மிதிக்கப் போகுது!"

"பொறுங்க அண்ணாச்சி!"

எருமை உள்ளானுக்கு ஒரு முழம் தள்ளிக் காலை வைத்தது. சேறு தெறித்தது. உள்ளான் தரையோடு தரையாக அப்பிக்கொண்டது. எருமை அதுபாட்டுக்குத் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது.

ஒரு நிமிஷம். உள்ளான் மூக்கை உருவியது. எழுந்தது. உடம்பை உதறியது. ஒரு காலை நீட்டியது.

பேச்சித்தாயின் விரல்கள் அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்தன.

வால் விரிந்தது.

கிளிக் கிளிக் கிளிக் கிளிக்!

இருவரும் கேமராவின் பின்பக்கத்தில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். மூன்று படம் கலங்கியிருந்தது. நாலாவது தெளிவு. ஆனால் என்ன கோலம்! மூக்கெல்லாம் சேறு. எருமை தெறித்த சேறு முதுகில் திட்டுத் திட்டாக. கண்ணுக்குக் குறுக்கே ஒரு கோரைத் தாள். வாலின் இடது பாதி மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

வலது பாதி மறையவில்லை.

உலகநாதன் பெரிதாக்கினார். வாலின் ஓரத்தில், அகலச் சிறகுகள் முடிகிற இடத்தில், மெல்லிசாக, விறைப்பாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணினார். "ஏழு! ஆசானம்மா, ஏழு!"

"இந்தப் பக்கம் ஏழு."

"துரும்பே இல்ல தாயி! இது சிறகு! பேரு என்ன? இப்பவாவது சொல்லுங்க!"

"நீங்க சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் புத்தகத்தையே பூட்டச் சொல்லிட்டீயளே!"

"பாத்ததச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? வாலுல ஊசி ஊசியா..."

நிறுத்தினார்.

பேச்சித்தாய் தலையை ஆட்டினாள். "அதுதான் பேரு. ஊசிவால் உள்ளான்."

உலகநாதன் சாக்கை உதறிவிட்டு எழுந்து நின்று ஒரு கூப்பாடு போட்டார் பாருங்கள்! உள்ளான் கர்ரென்று கத்திக்கொண்டு கிளம்பியது. தண்ணீருக்குள் கிடந்த எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரோ குளத்தில் விழுந்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள். அறுபது வயசு மனுஷர் சேற்றில் குதித்துக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு வருஷம்!" என்றார். "வக்கீலு மூஞ்சிய இப்பப் பாக்கணும்!"

"மொதல்ல உங்க மூஞ்சியக் கழுவுங்க" என்றாள் பேச்சித்தாய்.

கரையில் ஏறி உட்கார்ந்தார்கள். உலகநாதன் மறுபடியும் படத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய வலது கை ஆள்காட்டி விரல், தன்னை அறியாமல், அந்தக் கோரைத் தாளின் மேல் ஓடியது.

"ஆசானம்மா."

"ம்."

"வாலத் தொட மாட்டேன். சத்தியமா. இந்தக் கண்ணுக்குக் குறுக்க கிடக்க கோரைய மட்டும் லேசா..."

பேச்சித்தாய் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்தாள். சின்னப் படம் ஒன்றை எடுத்து, ஈரம் படாமல் அவர் உள்ளங்கையில் வைத்தாள். மாரியோ, வேணியோ.

"அண்ணாச்சி, எம்பிள்ள தழும்பத் திருப்பிக் குடுத்துருங்க."